உன் அப்பாவை நசீமா நடக்க வைத்த கதை

பிரபு,

நேற்றுதானே அவ்வளவு நேரம் போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். கவிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கும் கேட்கிற மாதிரி படி. மருமகள் ஏற்கெனவே என் கட்சி என்பது எனக்குத் தெரியும்.

குழந்தை பிறக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் உனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கும் அப்படித்தான். கவிதாவுக்குத் தாய் இல்லை, அதனால் பிரசவம் புனேயிலேயே என்று நீங்கள் முடிவெடுத்தது சரிதான். ஆனால் பக்கத்து பிளாக்கில் ஒரு மராத்திக்கார அம்மா இருக்கிறார், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுப்பதே அவர் வேலை, அந்தக் குடியிருப்பில் பாதிக் குழந்தைகள் அவர் கையில் குளித்தவை என்று கவிதா ஆசையாகச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "வெளியாள் எல்லாம் வேணாம்மா. லீவு போட்டுட்டேன், வீடியோ எல்லாம் பாத்து வெச்சிருக்கேன், நானே பாத்துக்குவேன்." அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது உன் குரல் இல்லை, என் குரல். இதே வார்த்தையை நான் உன் அப்பா விஷயத்தில் சொன்னேன். அந்தக் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நீ வந்து கூட இருந்துவிட்டுப் போன பிறகு நடந்தவற்றில் "அப்பா தேவலை" என்ற ஒரு வார்த்தையைத்தான் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

பக்கவாதம் வந்த உன் அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்தபோது வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் அவருக்குக் கஷ்டம். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் அவர் கையைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரு தோலை மேசைமேல் விரித்துத் தடவினாலே எங்கே தழும்பு, எங்கே இழுவை, எந்த இடத்தில் ஷூவின் முன்பக்கத்தை வெட்டலாம் என்று சொல்லிவிடுவார். அந்தக் கை மடியில் கிடந்தது. அவர் அதை இடது கையால் எடுத்து எடுத்துப் பார்ப்பார், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

வீட்டுக்கு அனுப்பும்போதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், பிசியோதெரபி தெரிந்தவரை வரவழைத்துத் தொடர்ந்து பயிற்சி கொடுங்கள் என்று. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கட்டிய மனைவி நான் இருக்கும்போது இவரைத் தொட்டுத் தூக்க வேறொருவர் எதற்கு என்று மனதுக்குள் நினைப்பு. அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற என் வேலைக்கு லீவு சொன்னேன். விடிந்தால் குளிப்பாட்டுவது, எண்ணெய் தடவுவது, ஊட்டிவிடுவது, போனில் ஒரு வீடியோவைப் போட்டுவைத்துக்கொண்டு அதில் வருகிற மாதிரி கையைக் காலை மடக்கி நீட்டுவது எல்லாம் நான்தான். கட்டிலிலிருந்து எழுப்ப அவர் அக்குளில் இரண்டு கையும் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்குவேன். அவர் பாரம் முழுக்க என் இடுப்பில் இறங்கும். ஒத்தாசைக்கு ஆலங்காயத்திலிருந்து வந்திருந்த உன் அத்தைகூட, "கொஞ்சம் உக்காருடி, நான் பாக்குறேன்" என்பார். விடமாட்டேன். நான் செய்வது போல் ஆகாது என்று அப்படி ஒரு பிடிவாதம்.

நாள் போகப் போக அவர் நடக்கவில்லை என்பது மட்டுமில்லை, பேசுவதும் கம்மியாகிவிட்டது. "டீ வேணுமா?" என்றால் ஒரு தலையாட்டல். கையை மடக்கி நீட்டும்போது முகம் சுளிப்பார். தோள்பட்டையில் வலி. வலித்தால் நல்லது, நரம்பு வேலை செய்கிறது என்று நானே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுப்பேன். சண்டை போடுவதற்குக்கூட எங்களுக்குள் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் கிடந்தார், நான் தூக்கினேன். கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. என் மெஷினை வேறு ஒருத்திக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு. அவர் சம்பளம் நின்றுவிட்ட வீட்டில் என் வேலையும் போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷகிலா வந்தாள். என் லைனில் எனக்கு அடுத்த மெஷினில் தைப்பவள், நீ பள்ளிக்கூடம் போகும்போது ரம்ஜானுக்கு டிபன் கேரியரில் கொடுத்தனுப்புவாளே, அதே ஷகிலாதான். அவள் கண்ணெதிரில்தான் நான் உன் அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். அதைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாக்கா இது? சிமெண்டு மூட்டைய தூக்குற மாதிரி தூக்குறே?"

"பின்ன எப்டி தூக்குறது?"

"எனக்கு இன்னா தெரியும்? உனக்கும் தெரியலே. அதான் சொல்றேன். எங்க தம்பி பொண்டாட்டி நசீமா அதுக்குன்னே பிசியோதெரபி படிச்சவ. ஆம்பூர்ல வீடு வீடா போய்த்தான் பாத்துக்கினு இருக்கா. அனுப்பட்டா?"

"நான் இருக்கும்போது வெளியாளு எதுக்கு ஷகிலா?"

அவள் என்னை முறைத்தாள். "நீ கல்யாணமாகி வந்த நாள்லருந்து அப்பர் தெக்கிறே. ஒருநாளாவது தோல் வெட்டியிருக்கியா?"

"அது அவரு வேலை."

"சோல் ஒட்டியிருக்கியா?"

"அதுக்குத்தான் லாஸ்டிங் செக்‌ஷன்ல ஆளு இருக்காங்களே."

"ஒரு ஷூவுக்கு அத்தினி பேரு வேணும். புருசன் காலுக்கு மட்டும் நீ ஒருத்தியே போதுமா?"

வாழ்நாள் முழுக்க லைனில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் கொடுத்ததை வாங்கி, என் வேலையைச் செய்து, அடுத்தவர் கையில் தள்ளிவிட்டே பிழைத்தவள் நான். என் தையலை வேறு யாராவது தொட்டால் எனக்குக் கோபம் வரும். அதே மாதிரி ஓய்ந்த காலை நடக்கவைப்பதும் ஒருவருடைய தொழிலாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பிரபு.

மறுநாள் சாயங்காலம் நசீமா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். புர்காவை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, நேராக உன் அப்பா எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அங்கிள், நான் நசீமா. நீங்க என்னைத் திட்டலாம், ஆனா நான் சொல்றத செய்யணும். டீலா?" என்றாள். உன் அப்பா அவளைப் பார்த்தார். ரொம்ப நாளாக அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லாம் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

முதலில் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "கையைப் புடிச்சி இழுத்தீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இனிமே இழுக்காதீங்க. இந்த மூட்டு இப்ப லூசா இருக்கு, இழுத்தா வலி ஜாஸ்தியாகும்" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு தலையணையை மடித்துக் கைக்கு அடியில் வைத்தாள். அதுவரை சுளித்துக்கொண்டிருந்த அவர் முகம் அப்படியே தளர்ந்தது. பிறகு அவர் இரண்டு பாதத்தையும் தரையில் பதியவைத்து, பின்னுக்குத் தள்ளி, "மூக்கு உங்க கட்டவெரலுக்கு நேரா வர்ற மாதிரி குனிங்க அங்கிள்... இன்னும்... இப்ப எழுந்திருங்க" என்றாள். அவர் எழப் பார்த்துத் தடுமாறியதும் நான் பாய்ந்து அக்குளில் கைகொடுக்கப் போனேன். அவள் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"விடுங்க ஆன்ட்டி."

"உழுந்துடப் போறாரு!"

"நான் புடிச்சிருக்கேன். நீங்க தூக்குறது பாசம், எனக்குப் புரியுது. ஆனா அவரு ஒடம்பு அத பாசம்னு எடுத்துக்காது. நமக்கு வேலை இல்லேன்னு எடுத்துக்கும்."

பிறகு என்னை வெளியே போகச் சொன்னாள். என் வீட்டிலிருந்து, என் புருஷனை விட்டு, என்னை! "நீங்க இருந்தா அவரு உங்களையே பாக்குறாரு. தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறு என்று நடந்தேன். டீக்கடை வரைக்கும் போய்விட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டீ சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கும்போதுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒரு டீயைக்கூட நான் சூடாகக் குடித்ததில்லை. வெயில் இறங்கி, மலைப்பக்கம் சிவந்து கிடந்தது. இன்னொரு டீ சொன்னேன். அப்படியே நன்றாக மூச்சுவிட்டேன். ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

திரும்பி வந்து வாசல்படியில் கால் வைக்கும்போது உள்ளே உன் அப்பாவின் குரல் கேட்டது. குழறலாக இருந்தாலும் நல்ல சத்தமாக இருந்தது. "உங்க மாமனார இப்டி நிக்க வெப்பியா நீ?" நசீமா, "அவர இதவிட ஜாஸ்தி நிக்க வெப்பேன் அங்கிள். வீட்டுல போய்க் கேட்டுப் பாருங்க" என்றாள். உன் அப்பா சிரித்தார். சிரிப்பென்றால் சிரிப்பு, நோய்க்கு முன்னால் சீட்டாட்டத்தில் ஜெயித்தால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. எனக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது, நான் இத்தனை செய்தும் வராத சிரிப்பு இவளுக்கு வருகிறதே என்று. இன்னொரு பக்கம் அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் உள்ளே போய் அவளுக்கு டீ போட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் காற்றே மாறிவிட்டது. பயிற்சியை எனக்கும் அத்தைக்கும் எவ்வளவு செய்யவேண்டுமோ அவ்வளவு மட்டும் சொல்லிக்கொடுத்தாள், மீதியை அவளே வைத்துக்கொண்டாள். நான் மறுபடி கம்பெனி பஸ் ஏறினேன். என் மெஷின் என் மெஷினாகவே இருந்தது. பகலில் அத்தை பார்த்துக்கொண்டார், சாயங்காலம் நசீமா வந்தாள். விரல்களுக்குப் பயிற்சி என்று துணி கிளிப்பை எடுத்துக் கயிற்றில் மாட்டச் சொல்வாள், கொண்டைக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொல்வாள். உன் அப்பாவுக்கு அது பேஜார். "நான் இன்னா எல்கேஜியா?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டுவிட்டார். நசீமாவுக்குக் கோபம் வரவில்லை. என்னிடம், "ஆன்ட்டி, கம்பெனியில கழிச்ச தோல் துண்டு கெடைக்குமா?" என்று கேட்டாள்.

சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். அதை அவர் மடியில் கொட்டி, "கண்ண மூடிக்கினு வலது கையால தடவி, எது எதுன்னு பிரிச்சி வைங்க அங்கிள்" என்றாள். அவர் கண்ணை மூடினார். அந்த விரல்கள் துண்டுகளுக்கு நடுவில் மெதுவாக நகர்ந்தன. ஒன்றில் நின்றன. "இது ஆடு" என்றார். அடுத்ததில் நின்றன. "மாடு. வயித்துப் பக்கம். இதுல அப்பர் வெட்டக்கூடாது, இழுத்துக்கும்." நசீமாவும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு அங்கிள்" என்றாள். "உனக்கு எப்டிம்மா தெரியும்? அது என் வேலையாச்சே" என்றார் உன் அப்பா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன்.

நாங்கள் இருவரும் மறுபடி சண்டை போட ஆரம்பித்தோம். டிவி சத்தத்துக்கு, குழம்பில் உப்புக்கு, எல்லாவற்றுக்கும். அவரைத் தூக்கும் வேலை என் கையைவிட்டுப் போன பிறகு நான் சும்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பெனியில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டுச் சிரித்தார். பயிற்சி கொடுக்கிற வேலையை அது தெரிந்தவளுக்குக் கொடுத்த பிறகுதான் எனக்குப் பெண்டாட்டி வேலை திரும்பக் கிடைத்தது. ஒருவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்வதுதான் அன்பு என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவருக்கு எது நல்லதோ அதை நன்றாகச் செய்யத் தெரிந்தவர் கையில் கொடுப்பதும் அன்புதான். கொடுத்துவிட்டு நாம் ஓடிப்போவதில்லையே, பக்கத்திலேயேதான் இருக்கப் போகிறோம்.

இனி சொல்லப்போவதுதான் நான் உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்து, பிறகு தடியோடு வாசல்வரை வந்தார், அதுவரைக்கும் எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, மாதனூர் பக்கம் வரும்போது பஸ் முழுக்க எங்கள் பெண்கள், ஆளுக்கொரு பேச்சு, காது கிழியும். நான் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். ஷகிலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, ஸ்டாப்புல யாரு பாரு!"

எங்கள் ஸ்டாப் புளியமரத்தடியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இடது கையில் தடி, தலையைப் படிய வாரியிருந்தார். யாரோ கல்யாணத்துக்குப் போகிறவர் என்று நினைத்தேன். பஸ் கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. நாலு அடி தள்ளி நசீமா ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அவரைத் தெரியாதவள் அந்த பஸ்ஸில் யார்? ஒருத்தி விசில் அடித்தாள். கைதட்டல், கூச்சல். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே வண்டியை நிறுத்தினார். நானும் எழுந்து நின்றேன். நின்ற இடத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கீழே இருந்து உன் அப்பா சத்தம் போட்டார். "இன்னா, எறங்கமாட்டியா? நான் எவ்ளோ நேரம் நிக்கிறது?"

இறங்கினேன். ஷகிலாவும் தன் ஸ்டாப் இன்னும் வரவில்லை என்பதையே மறந்து எனக்குப் பின்னால் குதித்தாள். நசீமா, "பிளான் எல்லாம் அங்கிளோடது ஆன்ட்டி. என்னைத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஷகிலாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயேவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நடந்தோம். பழக்கதோஷத்தில் அவர் முழங்கையைப் பிடிக்கப் போனேன். "விடு" என்றார். விட்டேன். அவர் வலது பக்கமாகக் கூட நடந்தேன். பிள்ளையார் கோவிலைத் தாண்டும்போது அவருடைய வலது கை என் கையைத் தேடி வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி என் விரலைப் பிடித்தன. கைத்தாங்கலுக்கு இல்லை. சும்மாதான். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் தெருவில் என் கையைப் பிடித்ததில்லை, பிரபு.

அந்த விரல்களை மடங்க வைத்தவள் நசீமா. மடங்கியவுடன் அவை பிடித்தது என் கையை. இதில் நான் எதை இழந்தேன், சொல்?

அதனால் நாளைக்கே அந்த மராத்திக்கார அம்மாவிடம் பேசிவிடு. தெரியாதவரை எப்படி நம்புவது என்று போனில் நீ கேட்டதும் நியாயம்தான். அவரிடம் குளித்த குழந்தைகளின் அம்மாக்களைப் போய்ப் பார்த்து விசாரி. முதல் சில நாள் பக்கத்தில் நின்று பார். ஆனால் நசீமா என்னைத் தடுத்த மாதிரி அவர் உன்னைத் தடுக்கவேண்டி வராமல் நின்று பார். கவிதா நிம்மதியாகத் தூங்கட்டும். நீ கவிதாவோடு பேசு, அவள் முகத்தைப் பார், பிள்ளையை மடியில் வாங்கிக்கொள். அந்த வேலைக்கு நீதான் வேண்டும்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அப்பாவும் வருகிறார். ரயில் படியைத் தானே ஏறுவாராம், யாரும் கைகொடுக்கக்கூடாதாம், இப்போதே எச்சரித்துவிட்டார். வந்ததும் மாமியார் சமையலறைக்குள் புகுந்து சட்டி பானையை உருட்டுவாள் என்று கவிதா பயப்படவேண்டாம் என்று சொல். மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே ஒரு மெஸ்ஸில் சொல்லிவிடு. நான் கை கால் கழுவிக்கொண்டு, காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, என் பேரப்பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்ளப் போகிறேன். அதற்குப் பிறகு யார் என்ன வேலை சொன்னாலும் எழுந்திருக்கமாட்டேன்.

உன் அம்மா